வண்டியை நிறுத்திவிட்டு வருகிறேன்

மாஸ்டருக்கு மௌனம் ஆகாது. சிலருக்குப் புளிப்பு ஆகாது, சிலருக்குத் தூசி ஆகாது, இவருக்கு மௌனம். ஒரு அறையில் இரண்டு பேர் ஒரு நிமிடம் சேர்ந்தாற்போல் பேசாமல் இருந்தால் போதும், மூன்றாவது ஆளாக உள்ளே புகுந்து எதையாவது சொல்லிவிடுவார். கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி ஒன்றில் இருபத்தாறு வருடமாக வேலை. அங்கே எல்லாரும் அவரை மாஸ்டர் என்று கூப்பிடுவார்கள், அவர் தலை மறைந்ததும் ரேடியோ என்பார்கள். அது அவருக்கும் தெரியும். தெரிந்தும் சத்தத்தைக் குறைத்ததில்லை.

அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. வேலை அப்படி. ஸ்டியரிங்கைப் பிடித்ததும் உள்ளங்கை வியர்க்கிற ஆட்களுக்குப் பக்கத்தில் காலையிலிருந்து மாலை வரை உட்கார்ந்திருக்கிறவர் வாயை மூடிக்கொண்டா இருக்க முடியும்? அந்த வண்டியில் அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு, ஒரு கிளட்ச் உண்டு. எதிரே லாரி வரும், கற்றுக்கொள்கிற ஆள் கண்ணை மூடிக்கொள்வார். மாஸ்டர் சத்தமில்லாமல் தன் பிரேக்கை மிதிப்பார், வண்டி நிற்கும். உடனே, "பாத்தீங்களா, எவ்வளவு அழகா நிறுத்தினீங்க" என்பார். அந்த ஆளும் நம்பிவிடுவார். இருபத்தாறு வருடத்தில் எத்தனை ஆயிரம் பிரேக்கை இப்படித் தானம் செய்திருப்பார் என்று அவருக்கே தெரியாது. இது பொய் இல்லையா என்று கேட்டால் கோபித்துக்கொள்வார். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாமாம், ஒரு பொய் சொல்லி ஒரு ஆளுக்குத் தைரியம் கொடுக்கக் கூடாதா என்பார். கேட்கிறவருக்கு அது நியாயமாகத்தான் படும்.

இந்தத் தானத்தைக் கையும் களவுமாகப் பிடித்தவர் ஒருவர்தான். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நர்ஸம்மா. அறுபத்தோரு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தார். மூன்றாவது நாளே, "மாஸ்டர், அந்த பிரேக்கை நான் போடலையே. என் கால் ஆக்சிலேட்டர் மேலதான இருந்துது" என்றார். மாஸ்டர் வாழ்க்கையில் முதல்முறையாக அசடு வழிந்தார். அதற்கடுத்த வாரம் ஒரு சிக்னலில் நிற்கும்போது நர்ஸம்மா சாதாரணமாகச் சொன்னார்.

"மாசத்துல ரெண்டாவது ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு லைப்ரரி மாடியில ஒரு கூட்டம் நடத்தறேன். நீங்களும் வாங்களேன்."

"என்ன கூட்டம் மேடம்?"

"சாவைப் பத்திப் பேசற கூட்டம். யார் வேணா வரலாம், எதை வேணா பேசலாம். டீ உண்டு."

பச்சை விளக்கு விழுந்தது. வண்டி நகரவில்லை. அந்த முறையும் பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தவர் மாஸ்டர்தான்.

அவருடைய அப்பா இறந்து அப்போது ஆறு மாதம். அது நர்ஸம்மாவுக்குத் தெரியும். மாஸ்டர் கூட்டத்துக்குப் போனது அப்பாவுக்காக அல்ல, மாட்டேன் என்று சொல்ல வாய் வராததால்தான். லைப்ரரி மாடியில் பழைய செய்தித்தாள் கட்டுகள் அடுக்கிய ஒரு நீள அறை. வட்டமாகப் பதினான்கு பிளாஸ்டிக் நாற்காலி. நடுவில் ஒரு ஸ்டூல், அதன் மேல் சமையலறையில் வைக்கிற மணிக் கடிகாரம். பேச வருகிறவருக்கு ஏழு நிமிடம், திருகி வைத்தால் டிக்டிக் என்று ஓடி, முடிந்ததும் கிணுகிணுக்கும். சாவைப் பற்றிப் பேசவும் குக்கருக்கு வைக்கிற மாதிரி நேரமா என்று மாஸ்டர் மனசுக்குள் சிரித்துக்கொண்டார்.

நர்ஸம்மா மூன்று விதி சொன்னார். ஒன்று, அவரவர் கண்ணால் பார்த்ததை மட்டும் பேச வேண்டும். இரண்டு, யாருக்கும் புத்திமதி கூடாது. மூன்று, அழுகிறவரை யாரும் நிறுத்தக் கூடாது. சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. கணக்கு டீச்சர் ஒருவர் கைக்குட்டையை மடித்து மடித்துப் பிரித்தார். ஒருவர் கூரையைப் பார்த்தார். மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும். ஒரு நிமிடம் ஆனது, இரண்டு நிமிடம் ஆனது. மாஸ்டருக்கு உடம்பெல்லாம் அரித்தது. நர்ஸம்மா வேண்டுமென்றே சும்மா இருக்கிறார் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? பாவம், யாருக்கும் ஆரம்பிக்கத் தைரியம் இல்லை என்று நினைத்துக்கொண்டார். கால் தன்னால் பிரேக்கைத் தேடியது.

"எங்க அப்பா போன கதையைச் சொல்லட்டுமா?" என்றார்.

சொன்னார். ஆஸ்பத்திரியில் நாலாவது மாடி. ஜன்னலோரக் கட்டில். இவர் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அப்பா கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அப்பாவுக்கு மூச்சு சிறுத்துக்கொண்டே வந்தது. இவர் குனிந்து காதில், "அப்பா, நீங்க கவலைப்படாம போங்க, நான் பாத்துக்கறேன்" என்றார். அப்பா கண்ணைத் திறந்து ஒரு சிரிப்பு சிரித்தார். அப்படியே போய்விட்டார்.

கணக்கு டீச்சர் அழுதுவிட்டார். பக்கத்தில் இருந்தவர் மாஸ்டர் தோளைத் தொட்டார். அதன் பிறகு ஒவ்வொருவராகப் பேசினார்கள், அடைப்பு எடுத்த குழாய் போல. மாஸ்டருக்கு நெஞ்சு நிறைந்தது. இன்னொரு வண்டி ஓடத் தொடங்கிவிட்டதே.

இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அப்பா இறந்த நேரத்தில் மாஸ்டர் நாலாவது மாடியில் இல்லை. அதே ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், வண்டிகள் நிறுத்துகிற இடத்தில், தன் காருக்குள் உட்கார்ந்திருந்தார். அக்கா போன் செய்ததும் பறந்தடித்து வந்தவர்தான். வண்டியை ஒரே திருப்பில் இரண்டு தூண்களுக்கு நடுவே அழகாக நிறுத்தினார். எஞ்சினை அணைத்தார். அதற்குப் பிறகு கை சீட் பெல்ட்டை அவிழ்க்க மாட்டேன் என்றது. ஒரு மணி நாற்பது நிமிடம். மேலேயிருந்து அக்கா மூன்று முறை அழைத்தார், போன் மடியில் அதிர்ந்தது, எடுக்கவில்லை. கடைசியில் அக்காவே கீழே இறங்கி வந்து ஜன்னல் கண்ணாடியைத் தட்டினார். "முடிஞ்சிடுச்சுடா. நிம்மதியாத்தான் போனார். நான் காதுல சொன்னேன், சிரிச்சார்" என்றார். அந்த வார்த்தைகளைத்தான் மாஸ்டர் எடுத்துக்கொண்டார். அக்காவின் நாற்காலி, அக்காவின் கை, அக்கா பார்த்த சிரிப்பு. அக்கா காதில் என்ன சொன்னார் என்று கேட்டுக்கொள்ளவில்லை, அதை மட்டும் சொந்தமாகப் போட்டுக்கொண்டார்.

அன்று வீட்டுக்குப் போகும்போது கொஞ்சம் உறுத்தியது. இனிமேல் போகக் கூடாது என்று நினைத்தார். ஆனால் அடுத்த மாதம் நர்ஸம்மா போன் செய்து, புதிதாக மூன்று பேர் வருகிறார்கள், நீங்கள் இருந்தால் அவர்களுக்குப் பேச்சு வரும் என்றார். போனார். மறுபடி சொன்னார். அதற்கடுத்த மாதம் ஜன்னலில் வெயில் சேர்ந்தது. அதற்கும் அடுத்த மாதம் அப்பாவின் விரல் இவர் விரலை ஒரு அழுத்து அழுத்தியது. யாராவது புதிதாக வந்து பேச்சு வராமல் உட்கார்ந்தால் கணக்கு டீச்சரே, "மாஸ்டர், அப்பாவைப் பத்திச் சொல்லுங்க" என்று எடுத்துக் கொடுப்பார். மாதக் கணக்கில் சொன்னதும் அவருக்கே அந்த நாற்காலியின் கைப்பிடி ஞாபகம் வர ஆரம்பித்தது. மனிதனுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? ஒரு பொய் சொன்னால் போதும், அது மெத்தை போட்டுக் கொடுக்கும்.

சாவிக்காரர் வந்தது இரண்டாவது வருடத்தில். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில், ஒரு மாடிப்படிக்கு அடியில் முடங்கின மாதிரி அவருடைய கடை. பூட்டு ரிப்பேர், மாற்றுச் சாவி. வாசலையொட்டிய நாற்காலியில்தான் உட்காருவார், எழுந்து ஓடுவதற்குத் தோதாக. மனைவிக்கு வயிற்றில் கட்டி, எல்லா இடத்துக்கும் பரவிவிட்டது, டாக்டர்கள் வீட்டுக்கு அழைத்துப் போகச் சொல்லிவிட்டார்கள். இதை மூன்று வாக்கியத்தில் சொல்லி முடித்தார். மணிக் கடிகாரம் மீதி ஆறரை நிமிடம் சும்மா ஓடியது.

மாஸ்டர் அன்றைக்கும் அப்பா கதையைச் சொன்னார். சொல்லி முடித்ததும் சாவிக்காரர் கேட்டார்.

"அந்த வார்த்தையை எப்ப சொல்லணும் சார்?"

நர்ஸம்மா வாயைத் திறந்தார். இரண்டாவது விதி இருக்கிறதே. ஆனால் மாஸ்டர் முந்திக்கொண்டார்.

"அது உங்களுக்கே தெரியும். பயப்படவே கூடாது. கையைப் பிடிச்சுக்குங்க, காதுகிட்ட போங்க, தைரியமா சொல்லுங்க. சிரிப்பாங்க பாருங்க."

சாவிக்காரர் சட்டைப் பையிலிருந்து சாவிகளில் கட்டுகிற ஒரு சின்ன அட்டையை எடுத்தார். யார் வீட்டுச் சாவி என்று எழுதி வைக்கிற அட்டை. அதில் எதையோ எழுதி மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டார். அடுத்த இரண்டு கூட்டத்துக்கு அவர் வரவில்லை.

மூன்றாவது கூட்டத்துக்கு வந்தார். சட்டை தொளதொளவென்று இருந்தது. வந்ததும் தானே கடிகாரத்தைத் திருகி வைத்தார். மனைவி போய் ஐந்து வாரம் ஆகிறது என்றார்.

"மாஸ்டர் சொன்ன மாதிரிதான் செஞ்சேன்" என்று ஆரம்பித்தார். "அன்னைக்குக் காலையில அவ நல்லா முழிச்சிட்டுத்தான் இருந்தா. கையைப் பிடிச்சேன். காதுகிட்ட போய், நீ கவலைப்படாம போ, நான் பாத்துக்கறேன்னு சொன்னேன். சிரிப்பான்னு மூஞ்சியவே பாத்துட்டிருந்தேன். கையை உருவிட்டா. எங்க போகச் சொல்றன்னு கேட்டா. அவ்வளவுதான். செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டா. அப்புறம் ரெண்டு நாள் இருந்தா. என் பக்கம் திரும்பவே இல்ல."

பையிலிருந்து அந்த அட்டையை எடுத்துப் பார்த்தார்.

"எங்க தப்பு பண்ணேன்னு தெரியல. சீக்கிரம் சொல்லிட்டேனா? சத்தமா சொல்லிட்டேனா? இதுல எழுதினபடியேதான் சொன்னேன். இருபத்தொன்பது வருஷம் கூட இருந்தவளை, வந்த விருந்தாளிய அனுப்பற மாதிரி அனுப்பிட்டேன்." மாஸ்டரை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க சொன்னப்ப உங்க அப்பா சிரிச்சாரே சார். அது எப்படி?"

திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல என்பார்களே, அதை மாஸ்டர் அன்றைக்குத்தான் அனுபவித்தார். கத்தவும் முடியாது, தடவிக்கொள்ளவும் முடியாது. காது மடல் எரிந்தது. டீக் கோப்பையைக் கீழே வைக்கப் போய், வைக்காமல் பிடித்துக்கொண்டார். இப்போதாவது சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம், நான் அங்கே இல்லை என்று. அந்த மனிதர் தன் தவறு எது என்று ஐந்து வாரமாகத் தேடிக்கொண்டிருக்கிறார், அதைத் தேட வேண்டிய இடம் தன் எதிரே டீக் கோப்பையோடு உட்கார்ந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

"எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்காதுங்க" என்றார் மாஸ்டர். சாவிக்காரர் தலையை ஆட்டினார், ஆமாம், எனக்குத்தான் கொடுத்து வைக்கவில்லை என்கிற மாதிரி. அந்தத் தலையாட்டலைத்தான் மாஸ்டரால் தாங்க முடியவில்லை. வண்டியை எடுக்க வேண்டும் என்று முணுமுணுத்துவிட்டு, கூட்டம் முடிவதற்குள் படியிறங்கிப் போய்விட்டார். நர்ஸம்மா பார்த்துக்கொண்டே இருந்தார்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சின்ன வார்த்தை. மாஸ்டருக்கு நெஞ்சு குறுகுறுக்கவில்லை, உட்கார்ந்துகொண்டு கேள்வி கேட்டது. மறுநாள் ஒரு பெண் வளைவில் தடுமாற, இவர் பிரேக்கை மிதித்தார். அந்தப் பெண் இவர் முகத்தைப் பார்த்தாள், பாராட்டுக்காக. "நான்தாம்மா மிதிச்சேன்" என்றார். அவள் முகம் விழுந்துவிட்டது. வீட்டில் மனைவி, "என்ன, ரேடியோல பேட்டரி தீந்துடுச்சா?" என்று கேட்டாள்.

கடைசியில் ஒரு கணக்குப் போட்டார். நான்தான் அங்கே இல்லை, ஆனால் அக்கா இருந்தாள். அக்கா காதில் சொன்னாள், அப்பா சிரித்தார், அது நடந்தது. ஆள் மாறியதே ஒழியக் கதை மாறவில்லை. அதை அக்கா வாயால் இன்னொரு தடவை கேட்டுவிட்டால் சாவிக்காரரிடம் போய், இது நடக்கக் கூடியதுதான், உங்களுக்கு மட்டும் அமையவில்லை என்றாவது சொல்லலாம். மூழ்குகிறவனுக்குத் துரும்பும் படகு.

புதன்கிழமை மத்தியானம் அக்கா வீட்டுக்குப் போனார். அக்கா ஜன்னல் திரைச்சீலைகள் தைத்துக் கொடுக்கிறவர். முன்னறை முழுக்கத் துணி மலை. மெஷினை ஓட்டிக்கொண்டே, "என்னடா இந்த நேரத்துல?" என்றார்.

"அக்கா, அப்பா நிஜமாவே சிரிச்சாரா?"

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு திரைச்சீலையின் ஓரம் முழுக்க ஓடி முடித்துத்தான் நின்றது. அக்கா நூலைப் பல்லால் கடித்தார்.

"இப்ப எதுக்கு அது?"

"சொல்லுக்கா."

"இல்ல."

"காதுல சொன்னேன்னியே."

"சொன்னேன். வந்துடுவான்பா, வண்டிய நிறுத்திட்டு வரான்னு சொன்னேன்." அக்கா கண்ணாடியைக் கழற்றித் துணி மேல் வைத்தார். "மூணு தடவை கேட்டார், அவன் எங்கன்னு. மூணு தடவையும் அதையேதான் சொன்னேன். மூணாவது தடவை என்ன சொன்னார் தெரியுமா? ஊருக்கெல்லாம் சொல்லிக்குடுக்கறவன், ஒரு வண்டிய நிறுத்த அவனுக்கு இவ்வளவு நேரமான்னார். அதுக்கப்புறம் பேச்சு இல்ல. மூச்சு இழுக்க ஆரம்பிச்சுடுச்சு. அரை மணி நேரம். கஷ்டப்பட்டுத்தான்டா போனார்."

அப்பா முப்பது வருடம் பஸ் நிலையத்தில் டைம் கீப்பராக இருந்தவர். எந்த பஸ் எத்தனை நிமிடம் தாமதம் என்று எழுதி வைப்பதுதான் அவர் வேலை. மகன் தாமதத்தையும் எழுதாமல் போகவில்லை.

"ஏன்க்கா என்கிட்ட சொல்லல?"

"எப்படிடா சொல்றது? கீழ வந்து பாத்தா எஞ்சின் ஓடல, நீ பெல்ட்டைப் போட்டுட்டு நேராப் பாத்து உக்காந்திருக்க. அந்த மூஞ்சியப் பாத்துட்டு, அப்பா உன்னைக் கேட்டுட்டே போனார்னா சொல்ல முடியும்? வாய்க்கு வந்ததைச் சொன்னேன்."

மாஸ்டர் துணி மலைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். லைப்ரரி மாடி, நாற்காலி, ஜன்னல் வெயில், சாவிக்காரர், அட்டை. ஐம்பத்திரண்டு வயது ஆள், கூனிக் குறுகி, மூன்றாம் வகுப்பில் பென்சில் திருடியதை ஒப்புக்கொண்ட அதே குரலில் சொன்னார். அக்கா குறுக்கே பேசாமல் கேட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

"அந்தப் பொய் நான் உன் ஒருத்தன் அளவுக்குத் தச்சதுடா" என்றார் அக்கா. "நீ அதை ஊருக்கெல்லாம் போட்டுவிட்டுட்ட. எப்படிப் பொருந்தும்?" கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெஷினை மறுபடி ஓட்ட ஆரம்பித்தார். இவர் எழுந்து வெளியே வரும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு இன்னும் மூன்றரை வாரம் இருந்தது. சாவிக்காரர் கடைக்கே போய்ச் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை அந்தப் பக்கம் வண்டியை ஓட்டிப் போனார். ஒரு முறை கடை திறந்திருந்தது, சாவிக்காரர் குனிந்து அரம் போட்டுக்கொண்டிருந்தார். வேகத்தைக் குறைத்தார், நிறுத்தவில்லை. தனியாகச் சொல்லக் கூடாது, எத்தனை பேர் முன்னால் பொய் சொன்னோமோ அத்தனை பேர் முன்னால் சொல்ல வேண்டும் என்று தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டார். காரணம் நல்ல காரணம்தான். பயமும் அதற்குள்ளேயே உட்கார்ந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு மாடியேறினார். சாவிக்காரர் வந்திருக்கக் கூடாது என்று ஒவ்வொரு படியிலும் வேண்டிக்கொண்டார், வந்திருக்க வேண்டும் என்றும் வேண்டிக்கொண்டார். வந்திருந்தார். வாசலையொட்டிய அதே நாற்காலி. நர்ஸம்மா விதிகளைச் சொல்லி முடித்ததும் மாஸ்டர் எழுந்து கடிகாரத்தைத் திருகினார். கணக்கு டீச்சர் கைக்குட்டையைத் தயாராக எடுத்து வைத்துக்கொண்டார், அப்பா கதைதானே என்று.

"எங்க அப்பா போனப்ப நான் அங்க இல்ல" என்றார் மாஸ்டர்.

ஒவ்வொன்றாகச் சொன்னார். நாக்கு ஒட்டிக்கொண்டது. இத்தனை நாள் வழுக்கிக்கொண்டு ஓடிய கதை இப்போது ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று நின்று கிளம்பியது. பெல்ட், ஒரு மணி நாற்பது நிமிடம், மடியில் அதிர்ந்த போன். அப்பா மூன்று முறை கேட்டது. வண்டியை நிறுத்திவிட்டு வருகிறான் என்று அக்கா சொன்னது. அப்பாவின் கடைசிப் பேச்சு. அதைச் சொன்னபோது எதிர்ப்பக்கத்தில் யாருக்கோ சிரிப்பு வந்து, அடக்கிக்கொண்டார்கள். அதையும் மாஸ்டர் வாங்கிக்கொண்டார். கடைசியாகச் சாவிக்காரரைப் பார்த்தார்.

"நீங்க எங்கயும் தப்பு பண்ணல. நான் சொன்னதே தப்பு. அந்த வார்த்தையை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. யாரும் சிரிக்கல."

கடிகாரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கணக்கு டீச்சர் கைக்குட்டையைப் பைக்குள் திணித்தார், மாஸ்டர் பக்கம் பார்க்காமல். இவர் கதையைக் கேட்டு அவர் எத்தனை ஞாயிற்றுக்கிழமை அழுதிருக்கிறார். அந்தக் கண்ணீருக்கெல்லாம் இனி என்ன பதில்? மாஸ்டர் நின்றுகொண்டே இருந்தார். யாராவது ஏதாவது சொன்னால் தேவலை. நர்ஸம்மாவின் விதிகளில் தேற்றுவதற்கு இடமில்லை, அது அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது.

சாவிக்காரர் மெதுவாகப் பேசினார். கோபமாகக்கூட இல்லை.

"பயமா இருந்துது, கீழயே உக்காந்துட்டேன்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாமே சார். எனக்கும் பயமாத்தான் இருந்துது. நான் ஒண்ணும் சொல்லாம அவ பக்கத்துல சும்மா உக்காந்திருப்பேன். அவளும் என்னைப் பாத்துட்டே போயிருப்பா."

கடிகாரம் கிணுகிணுத்தது. யாரும் கை நீட்டி அதை நிறுத்தவில்லை, தானாக ஓய்ந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது மாஸ்டருக்கு. சத்தம் போட்டு அடித்திருந்தால்கூட இத்தனை ஆழத்துக்கு இறங்கியிருக்காது.

கூட்டம் முடிந்து எல்லாரும் இறங்கிப் போனார்கள். மாஸ்டர் நாற்காலிகளை அடுக்கினார். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை, அவராக அடுக்கினார். நர்ஸம்மா பிளாஸ்க்கைக் கழுவியபடி, "அடுத்த மாசம் வருவீங்களா?" என்று கேட்டார். "பேசறதுக்கு என்கிட்ட ஒண்ணும் இல்ல மேடம்" என்றார். "கேக்கறதுக்கு வாங்க" என்றார் நர்ஸம்மா.

கீழே வந்தபோது பள்ளியின் காருக்குப் பக்கத்தில் சாவிக்காரர் நின்றுகொண்டிருந்தார்.

"வீட்டுல விடறீங்களா?"

மாஸ்டர் கதவைத் திறந்துவிட்டார். சாவிக்காரர் ஏறி உட்கார்ந்தார். அந்தப் பக்கத்து இருக்கைக்குக் கீழே இருக்கிற பிரேக்கைப் பார்த்து, தெரியாமல் மிதித்துவிடக் கூடாது என்று காலை ஒடுக்கி வைத்துக்கொண்டார். வழி முழுக்க மாஸ்டர் தானாக ஒரு வார்த்தை பேசவில்லை. பேச்சு முட்டிக்கொண்டு வந்தது, விழுங்கினார். பாதி வழியில் சாவிக்காரர்தான் சொன்னார்.

"மன்னிச்சிட்டேன்னு நினைச்சுக்காதீங்க."

"நினைக்கல."

"அவ கட்டில் இன்னும் அப்படியே கெடக்கு. அந்த ரூமுக்குள்ள நான் போகவே இல்ல. பிரிச்சு எடுக்கணும். இரும்புக் கட்டில், ஒத்த ஆளால ஆகாது. யாரைக் கூப்பிட்டாலும் ஆறுதல் சொல்லுவாங்க. நீங்கன்னா சொல்ல மாட்டீங்க."

வீடு ஒரு சந்துக்குள், நெருக்கமான கட்டடத்தில் இரண்டாவது மாடி. சந்து முழுக்க வண்டிகள், ஒரு சைக்கிள் செருக இடமில்லை. சாவிக்காரர் இறங்கி, வாசல் படியில் ஒரு கால் வைத்துத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க போங்க, வண்டிய நிறுத்திட்டு வரேன்" என்றார் மாஸ்டர்.

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. சாவிக்காரருக்கும் விழுந்திருக்க வேண்டும். அவர் படியேறவில்லை. அங்கேயே நின்று மாஸ்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாஸ்டரின் கை பெல்ட்டின் மேல் இருந்தது. நாலு தெரு தள்ளி ஒரு காலி இடம் வரும்போதே அவர் கண்ணில் பட்டிருந்தது, நல்ல இடம். அங்கே போய் நிறுத்தினால் திரும்பி வர மாட்டோம் என்பதும் அவருக்குத் தெரியும்.

எஞ்சினை அணைத்தார். பெல்ட்டை அவிழ்த்தார். ஒரு சக்கரம் நடைபாதை மேலும் மூன்று சக்கரம் தெருவிலுமாக, பக்கத்து வீட்டு கேட்டைப் பாதி மறைத்துக்கொண்டு கார் கோணலாக நின்றது. அப்படியே இறங்கிப் படியேறினார்.

முதல் மாடி திரும்பும்போது கீழே ஒரு ஹாரன் நீளமாக அடித்தது. "யாருய்யா வண்டிய இப்படி நிறுத்தினது? ஓட்டத் தெரியாதவங்களுக்கெல்லாம் யாரு சொல்லிக்குடுக்கறாங்களோ" என்று யாரோ கத்தினார்கள். மாஸ்டர் எட்டிப் பார்க்கவில்லை. மேலே சாவிக்காரர் ஒரு கதவின் முன்னால் நின்றுகொண்டிருந்தார், இவர் வந்து சேரட்டும் என்று.